எழுநூறு போட வேண்டிய இடத்தில்

கூட்டுறவுச் சங்கத்தின் ஆய்வகத்தில் அவளைப் பாட்டிலக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். குடிக்கிற பாட்டிலுக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கண்ணாடிப் பாட்டில்களுக்குள் உருளைக்கிழங்குக் கன்று வளர்ப்பது அவள் வேலை. அந்தப் பெயரை வைத்தவனே அவள் கணவன்தான். லாரி ஓட்டுகிறவன். "என் வீட்டுக்காரி பொழுதன்னைக்கும் பாட்டிலும் கையுமாத்தான் இருக்கா" என்று ஒருமுறை சங்க வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் உருளைக்கிழங்கு நட்டவர்களுக்கு இரண்டு பருவமாக விளைச்சல் இல்லை. இலைகள் சுருண்டன. மண்ணைக் கிளறினால் கோலிக்குண்டு அளவில்தான் கிழங்கு வந்தது. நோய் மண்ணில் இல்லை, விதைக்கிழங்கில் இருந்தது. எல்லோர் கையிலும் இருந்தது அதே நோய்ப்பட்ட விதைதான். பாட்டிலக்கா ஒரு கிழங்கின் முளையை எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் அதன் நுனியைத் தூசி அளவுக்கு வெட்டி, ஊட்டக் கூழில் வைத்து வளர்க்கப் பார்த்தாள். நுனியில் மட்டும்தான் நோய் ஏறியிருக்காது. வெட்டியதில் பாதி செத்தது. பிழைத்தவற்றிலும் பெரும்பாலானவை பரிசோதனையில் தேறவில்லை. ஒன்றே ஒன்று தேறியது.

அந்த ஒன்றைக் கணுக்கணுவாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு கன்றாக்கி, அதையும் வெட்டிப் பெருக்கித்தான் வளர்ப்பறையின் அடுக்குகளை நிரப்பியிருந்தாள். அடுத்த நடவுக்கு விவசாயிகளுக்குப் போக வேண்டியவை அத்தனையும் ஒரே முளையின் பிள்ளைகள். இன்னொரு ஊரில் ஆர்க்கிட் வளர்க்கும் ஆய்வகம் வைத்திருந்த தோழியிடம் ஒரு தொகுப்பைக் கொடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். இந்த வாரம், அடுத்த வாரம் என்று அது தள்ளிப்போயிற்று.

வளர்ப்பறைக்கு ஜன்னல் கிடையாது. பூச்சியும் தூசியும் உள்ளே வரக்கூடாது. இரும்பு அடுக்குகள், ஒவ்வொரு தட்டின் அடியிலும் எல்.இ.டி. பட்டைகள், மூலையில் ஏ.சி. அந்தப் பட்டைகள்தான் கன்றுகளுக்குச் சூரியன். பழைய குழல்விளக்குகளைக் கழற்றிவிட்டு இவற்றை வாங்கிப் போட்டவர் சங்கச் செயலாளர். அவளுடைய பெரியப்பா மகன். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் விலை குறைவு என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குக் காது கேட்காமல் போய்விடும்.

"பாரும்மா, கண்ணு கூசுது. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார், மாட்டிய அன்று.

"நம்ம கண்ணுக்குக் கூசினா போதுமாண்ணே? இலைக்குப் போதுமான்னு அளந்து பார்க்கணும்."

"அளக்கலாம், அளக்கலாம்" என்றவர் அளக்கும் கருவியை வாங்கித் தரவேயில்லை.

முதலில் ஒரு தட்டு மினுக்கத் தொடங்கியது. உள்ளே வேலை செய்தவர்களுக்குத் தலைவலி வந்தது. பிறகு அது அணைந்தது. அடுத்து வேறொரு தட்டு. சங்கத்தின் ஒயர்மேன் வந்து பார்த்துவிட்டு, "லைட்டுப் பட்டை நல்லாத்தான் இருக்குக்கா. டிரைவர்தான் போச்சு" என்று அடுக்கின் தலையில் இருந்த சின்னத் தகரப் பெட்டியைக் காட்டினார். கரண்டை வாங்கிப் பட்டைக்கு வேண்டிய அளவில் அளந்து கொடுப்பது அந்தப் பெட்டி. அவள் தொட்டுப் பார்த்துவிட்டு வெடுக்கென்று கையை எடுத்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலக் கொதித்தது.

அன்று கணவனுக்குப் போன் செய்தபோது, "ஏங்க, இன்னிக்கு மட்டும் மூணு டிரைவர் போயிடுச்சு" என்றாள்.

"ஐயையோ! எந்த வண்டி? எங்க?" என்று அந்தப் பக்கம் அலறல்.

விஷயம் புரிந்ததும் பெருமூச்சு விட்டான். "ஒரு நிமிஷத்துல உசுரை எடுத்துட்டியே. அதானே, டிரைவர் சரியில்லன்னா வண்டி எப்படி ஓடும்? லைட்டுக்கும் அதே கதைதானா?"

அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு வெகுநாள் அவள் சிரிக்கவில்லை.

டிரைவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும்போதெல்லாம் ஒன்றாவது போனது. ஒயர்மேன் செத்த ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே குட்டி உருளைகளாக இருந்த மின்தேக்கிகள் தலை உப்பிக் கிடந்தன. "சூடு போறதுக்கு வழியே வைக்கல. இந்த ரூம்ல ஈரம் வேற. எத்தனை நாளைக்குத் தாங்கும்?" விற்ற கடைக்குச் செயலாளர் போன் போட்டார். முதலில் மணி அடித்தது. பிறகு அதுவும் இல்லை. ஐந்து வருஷ வாரண்டி என்று அச்சடித்த அட்டைப்பெட்டி அலுவலக மூலையில் கிடந்தது.

அவள் இருட்டான தட்டுகளிலிருந்த பாட்டில்களை எடுத்து வெளிச்சமுள்ள தட்டுகளில் நெருக்கி வைத்தாள். கன்றுகள் வெளிறி, வெளிச்சத்தைத் தேடிக் கொடி போல நீண்டன. தண்டு நூலாகிவிட்டது. வெட்டினால் பிழைக்காது. நடவுக்கு நாள் நெருங்க நெருங்க, விவசாயிகள் சங்கத்துக்கு வந்து, "கன்று எப்பக்கா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். "வந்துடும், வந்துடும்" என்று சொல்லிவிட்டு அவள் வளர்ப்பறைக்குள் போய்விடுவாள்.

அந்த நேரத்தில்தான் ஒரு வயலில் இலை மாதிரிகள் எடுக்க அவள் போக வேண்டி வந்தது. ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளில் செயலாளர் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தார். பஜாருக்குப் போய் அதே அளவு, அதே நிறத்தில் டிரைவர்களை வாங்கி வந்து ஒயர்மேன் முன்னால் கொட்டினார்.

ஒயர்மேன் ஒன்றைத் திருப்பிப் படித்தார். "சார், வாட்டு ஒண்ணுதான். ஆனா நம்ம பட்டைக்கு எழுநூறு மில்லி ஆம்பியர் கரண்டுதான் போகணும். இதுல ஆயிரத்தைம்பதுன்னு போட்டிருக்கு."

"வாட்டு ஒண்ணுதானே? அப்புறம் என்ன? கொஞ்சம் கூடவே வெளிச்சம் வரட்டும், போடுய்யா."

"அக்கா வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அதுக்குள்ள கன்று செத்தா நீ பதில் சொல்வியா?"

ஒயர்மேன் போட்டார். நெருக்கி வைத்திருந்த பாட்டில்களைப் பழையபடி எல்லாத் தட்டுகளிலும் பரப்பி வைத்தார்கள். அறை ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. செயலாளர் வாசலில் நின்று கைதட்டாத குறையாகப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

பிற்பகலில் அவள் திரும்பி வந்தபோது நடைவழியிலேயே பிளாஸ்டிக் கருகும் வாடை அடித்தது. ஓடினாள். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் மோதியது. ஏ.சி. தாக்குப்பிடிக்க முடியாமல் நின்று போயிருந்தது. சில பட்டைகள் பழுப்பேறி அணைந்திருந்தன, மற்றவை இன்னும் கொள்ளிபோல எரிந்தன. ஒவ்வொரு பட்டையின் சூடும் மேல்தட்டு வழியாக ஏறி மூடிய பாட்டில்களை வேக வைத்திருந்தது. கண்ணாடியின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. இலைகள் வெந்த கீரை போலக் கண்ணாடியில் ஒட்டிக் கிடந்தன.

அவள் சுவரிலிருந்த சுவிட்சுகள் அத்தனையையும் அணைத்தாள். கைபேசி வெளிச்சத்தில் தட்டுத் தட்டாகப் பார்த்தாள். இது போச்சு. இதுவும் போச்சு. இது முழுக்கப் போச்சு. வாசலில் காலடிச் சத்தம் கேட்டது.

"என்னம்மா, ஏன் லைட்டை..." செயலாளரின் குரல் பாதியில் நின்றது.

"ஏண்ணே?" என்றாள். "ஒரு போன் பண்ணியிருக்கலாமேண்ணே?"

"நல்லதுக்குத்தான்மா செஞ்சேன். இப்பவே ஆள் அனுப்பி வேற வாங்கிடறேன். பட்டையும் சேர்த்துப் புதுசா..."

"இனிமே நீங்க எதையும் வாங்காதீங்க!" அந்தக் கத்தலில் நடைவழியே திரும்பிப் பார்த்தது. அவரிடம் அவள் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை. அவர் வாசலிலிருந்து பின்வாங்கினார்.

அறையின் கடைசி அடுக்கில், பழைய டிரைவர்கள் சாகாமல் எஞ்சியிருந்த இரண்டு தட்டுகளை மட்டும் ஒயர்மேன் தொடாமல் விட்டிருந்தார். அந்தக் கன்றுகள் துவண்டிருந்தன, ஆனால் பச்சையாக இருந்தன. அந்த ஒரு முளையின் பிள்ளைகளில் உலகத்தில் மிச்சமிருந்தது அவைதான்.

அவற்றை எங்கே வைப்பது? வெயிலில் வைத்தால் மூடிய பாட்டில் மறுபடி வெந்துவிடும். மினுக்கும் அந்தப் பழைய டிரைவர்களை இனி ஒரு மணி நேரம்கூட நம்ப முடியாது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது: வெளிச்சம் கொடுக்க முடியாவிட்டால், வெளிச்சம் தேவைப்படாதபடி தூங்க வைக்கலாம். குளிரில் கன்றின் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். விதை வங்கிகளில் அதற்கென்றே அறைகள் உண்டு. அவளிடம் இருந்தது வீட்டு ஃபிரிட்ஜ்.

அன்று மாலைக்குள் பாட்டில்கள் மூன்று வீடுகளுக்குப் பிரிந்தன. ஒரு பங்கு ஒயர்மேன் வீட்டுக்கு. ஒரு பங்கு அவள் வீட்டுக்கு. இன்னொரு பங்கைத் தூக்கிக்கொண்டு செயலாளர் வீட்டுக்கே போனாள். அண்ணி கதவைத் திறந்தாள், விஷயத்தைக் கேட்டாள். பாலையும் காய்கறியையும் மிச்சச் சாப்பாட்டையும் மேடையில் எடுத்து அடுக்கிவிட்டு, "வைம்மா. செஞ்ச காரியத்துக்கு உங்கண்ணனையே இதுக்குள்ள வச்சுப் பூட்டணும், இடம் பத்தல" என்றாள். செயலாளர் அடுத்த அறையில் தொலைக்காட்சியைப் போடாமல் அதன் முன் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஆர்க்கிட் தோழியைக் கூப்பிட்டாள். தோழி முழுக்கக் கேட்டுவிட்டு முதலில் திட்டினாள். "என்கிட்ட ஒரு செட் குடுத்து வையின்னு எத்தனை தடவைடி சொன்னேன்?"

"அப்புறம் திட்டு. இப்ப எதை வாங்கணும்னு சொல்லு."

"லைட்டை அப்புறம் பாரு, முதல்ல டிரைவரைப் பாரு. லைட்டுப் பட்டை சீக்கிரம் சாகாது, டிரைவர்தான் சாகும். உன் பட்டைக்கு என்ன கரண்டோ அதையே குடுக்கணும், ஒரு சொட்டுக் கூடக்கூடாது. அதை ரூமுக்குள்ளயே வைக்காத, சுவருக்கு வெளிய வை, காத்து படட்டும். ஈரம் உள்ள போகாத பெட்டியா கேளு. ஜெனரேட்டர் மாறும்போது கரண்டு எகிறும், அதைத் தாங்குமான்னு கேளு. ஒரு டிரைவர்ல பத்துத் தட்டைத் தொங்கவிடாத. ஒண்ணு போனா ஒரு தட்டுதான் இருட்டாகணும்."

"எந்தக் கடைல?"

"கடை பேரைச் சொல்லி என்ன பிரயோஜனம்? உன் ரூமைப் பத்தி உன்கிட்ட யாரு கேள்வி கேக்கறாங்களோ அவங்ககிட்ட வாங்கு."

விளக்கு விற்பவர்களில் முதலில் வந்தவர் பளபளப்பான படங்களோடு வந்தார். அவர் கொண்டுவந்த விளக்கின் முதுகில் ஆயிரம் வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நாளைக்கே கொண்டுவந்து மாட்டித் தருகிறேன் என்றார். உள்ளே என்ன டிரைவர் என்று அவள் கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதான் மேடம்" என்றார். திறந்து காட்டச் சொன்னாள். சீல் உடைந்தால் வாரண்டி போய்விடும் என்றார். ஒயர்மேன் விளக்கைச் செருகி மின்சாரத்தை அளந்து பார்த்துவிட்டு, "ஆயிரம்னு எழுதியிருக்கு. இழுக்கறது அதுல கால்வாசிகூட இல்ல" என்றார். வந்தவர் படங்களைச் சுருட்டினார்.

இரண்டாவது ஆள் நேரில் வரவில்லை. தொலைவில் ஒரு கிடங்கு வைத்து விளக்கு விற்கும் பெண்மணி, போனில்தான் பேசினாள். விலையைச் சொல்வதற்கு முன் கேள்விகளாகக் கேட்டாள். அறை எவ்வளவு சூடு? தட்டுக்கும் பாட்டிலுக்கும் எவ்வளவு இடைவெளி? ஜெனரேட்டர் யாருடையது, எவ்வளவு பழசு? எர்த் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்களா? கடைசியில், "கையில இருக்கற சரக்கு உங்க ரூம் ஈரத்துக்கு ஆகாதும்மா. வேற வரவழைக்கணும். நாளாகும். அவசரம்னா வேற இடத்துல பாருங்க" என்றாள்.

அவசரம் இல்லாமலா? அவள் போனை வைத்துவிட்டு வெறும் அடுக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஃபிரிட்ஜில் கன்றுகள் எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்கு நிச்சயமில்லை. காத்திருந்தால் அவை சாகலாம். காத்திராமல் வாங்கினால் மறுபடி வேகலாம்.

"நாளைக்கே தர்றேன்னு சொல்றவனை விட்டுட்டு..." என்று செயலாளர் இழுத்தார். அவர் குரலில் பழைய அதிகாரம் இல்லை.

"நாளைக்கே தர்றவர்தானேண்ணே போன தடவையும் தந்தாரு."

கிடங்குக்காரம்மாவிடமே சரக்குக்குச் சொல்லிவிட்டாள்.

சரக்கு வரவில்லை. வரும் என்றார்கள், வரவில்லை. அவள் காலையும் மாலையும் மூன்று வீட்டு ஃபிரிட்ஜையும் திறந்து பார்ப்பதே வேலையாக அலைந்தாள். ஒயர்மேன் வீட்டில் கன்றுகள் லேசாக மஞ்சளித்தன. அண்ணி வீட்டில் பரவாயில்லை. ஒரு காலையில் தன் வீட்டில் பால் எடுக்கத் திறந்தவள், பின்வரிசைப் பாட்டில் ஒன்றை எதேச்சையாகத் தொட்டாள். கூழ் கல்லாக இருந்தது. பின்சுவரை ஒட்டியிருந்த பாட்டில்கள் எல்லாமே உறைந்துவிட்டிருந்தன. பின்சுவரில் ஐஸ் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? எத்தனை தடவை அங்கே காய் உறைந்து தூக்கி எறிந்திருக்கிறாள்! சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஊரார் வீட்டில் பிழைத்துக் கிடப்பவை, தன் வீட்டில், தன் கையாலேயே.

கணவன் போன் செய்தான். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டான்.

"அழுதியா?"

"இல்ல."

"அப்ப அழு. நான் வண்டிய ஓரமா நிறுத்திட்டேன். லைன்லயே இருக்கேன்."

அவள் அழுதாள். அந்தப் பக்கம் லாரிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில், "மிச்சத்தை முன்னாடி நகர்த்தி வச்சியா?" என்று மட்டும் கேட்டான். அவள் எழுந்து நகர்த்தி வைத்தாள்.

ஒருவழியாக விளக்குகள் வந்தன. ஒயர்மேன் எல்லா டிரைவர்களையும் நடைவழிச் சுவரில், காற்றோட்டமான சட்டத்தில் வரிசையாகப் பொருத்தினார். தட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் முதுகையும் அவளிடம் காட்டினார். "படிங்கக்கா." "எழுநூறு" என்று அவள் படித்த பிறகுதான் மாட்டினார். முழு வெளிச்சத்தில் எரியவிடாமல் கொஞ்சம் குறைத்து வைத்தார்கள். கிடங்குக்காரம்மா இரவலாக அனுப்பியிருந்த கருவியை வைத்து அவள் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வெளிச்சத்தை அளந்தாள்.

ஆனால் பாட்டில்களைக் கொண்டுவரவில்லை.

"இன்னும் என்னம்மா?" செயலாளர் கெஞ்சினார். "அங்க மஞ்சளாகிட்டு இருக்கே."

"வெறும் தட்டு எரியட்டும்ணே. சாகறதுன்னா வெறும் தட்டுல சாகட்டும்."

ஒயர்மேன் வேண்டுமென்றே மெயினை அணைத்தார், ஜெனரேட்டரைப் போட்டார், மறுபடி அணைத்தார். ஒவ்வொரு தடவையும் அறை இருண்டு வெளிச்சம் வரும்வரை மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லாத் தட்டும் எரிந்தன. அவள் நடைவழிக்கு வந்து டிரைவர்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். வெதுவெதுப்புதான். உள்ளங்கையை எடுக்காமல் வைத்திருக்க முடிந்தது. அப்படியும் இரண்டாம் நாள் ஒன்று மினுக்கியது. கழற்றிவிட்டு அலமாரியிலிருந்த உபரி டிரைவரை மாட்டினார்கள். கிடங்குக்காரம்மா ஏன், எதற்கு என்று கேட்காமல் வேறொன்றை அனுப்பி வைத்தாள்.

பிறகுதான் பாட்டில்கள் வந்தன. முதலில் அண்ணி வீட்டில் இருந்தவை மட்டும், பிறகு மற்ற இரண்டு வீடுகளில் எஞ்சியவை. மங்கிய வெளிச்சத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். பல கன்றுகள் குளிரிலிருந்து எழுந்திருக்கவேயில்லை, அடியிலிருந்து கறுத்தன. ஒயர்மேன் வீட்டுக் கன்றுகளில் பாதி பிழைக்கவில்லை. எஞ்சியவற்றில் சிலவற்றின் கணுவில் ஊசிமுனை அளவுக்குப் பச்சை தெரிந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படப் பயந்து, யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். அந்தப் பச்சை இலையாக விரிந்த பிறகுதான் ஒயர்மேனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் குனிந்து பாட்டிலுக்குள் பார்த்தார். "நான் அன்னிக்கு மாட்டியிருக்கக் கூடாதுக்கா" என்றார்.

"தெரியும்" என்றாள் அவள். அவரைத் தேற்றும் தெம்பு அப்போது அவளிடம் இல்லை.

நடவுக்கு இது போதாது. பத்தில் ஒரு பங்குக்குக்கூடப் போதாது. விவசாயிகளைச் சங்கக் கூடத்தில் உட்கார வைத்து அவள் அதைச் சொல்ல எழுந்தபோது, செயலாளர் முந்திக்கொண்டார். "அவ மேல தப்பில்ல. நான்தான் தப்பான டிரைவரை வாங்கிப் போடச் சொன்னேன். கன்று வெந்து போச்சு" என்றார். கூடம் கொதித்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்கள். மூன்றாவது பருவமும் போச்சே, நிலத்தை என்ன செய்ய, பிள்ளைகளுக்கு என்ன சொல்ல என்று கேட்டார்கள். அவர் தலைகுனிந்து நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அண்ணன் திட்டு வாங்குவதைப் பார்க்கத் தனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு விவசாயப் பெண் மட்டும் சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

"இப்ப ஏதாவது உசுரோட இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"இருக்கு" என்றாள் பாட்டிலக்கா. "கொஞ்சந்தான் இருக்கு. அதுல முதல் பங்கு வேற ஊரு ஆய்வகத்துக்குப் போகும். இங்க என்ன ஆனாலும் அங்க இருக்கணும். மிச்சத்தைத்தான் பெருக்கணும்."

"அடுத்த நடவுக்கு வந்துடுமா?"

வந்துடும் என்று சொல்ல நாக்கு துடித்தது. இத்தனை நாளும் அதைச் சொல்லித்தானே பழக்கம்.

"வராது. அதுக்கும் அடுத்ததுக்குத்தான்."

அந்தப் பெண் அவளை முறைத்தாள். பிறகு புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்து வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நாற்காலிகள் இழுபடும் சத்தம் ஓய்ந்ததும் பாட்டிலக்கா கைகழுவி, முகக்கவசம் கட்டிக்கொண்டு, வெட்டும் மேசைக்குப் போனாள். விரிந்திருந்த முதல் கன்றை வெளியே எடுத்தாள். அதில் மூன்று கணுக்கள் இருந்தன. கத்தியைத் தீயில் காட்டி, அது ஆறும்வரை காத்திருந்தாள். முதல் கணுவுக்குக் கீழே வெட்டினாள்.